பச்சை மண்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: தருமபுரி

தொப்பூர்க் கணவாயில் பேருந்து ஏறி முடித்தபோது, வைகாசி மாதத்திற்குச் சற்றும் பொருந்தாத குளிர்ந்த காற்று சன்னல் வழியே வந்தது. சேலத்தின் வெக்கை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது போலிருந்தது.

இந்தப் பயணத்திற்குக் காரணம் என் தோழி. சிற்பக்கலை பயின்றவர், சில ஆண்டுகளாகக் கல்லையும் உலோகத்தையும் விட்டுவிட்டு மண்ணில் மட்டுமே வேலை செய்கிறார். பாலக்கோட்டுக்கு அப்பால் அவருடைய பெரியம்மாவின் ஊரில், கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரியின் நடுவே, சுடாத 60 மண்பானைகளை வட்டமாக வைக்கப் போகிறார். வருகிறவர்கள் ஏரிப் பள்ளத்தில் எஞ்சியிருக்கும் நீரை ஒரு கை அள்ளி, தாம் விரும்பும் பானையின் மேல் ஊற்ற வேண்டும். ஊற்ற ஊற்றப் பானைகள் கரைந்து, எந்த ஏரியிலிருந்து மண் எடுக்கப்பட்டதோ அதற்கே திரும்பும். பானைகள் காய இன்னும் மூன்று நாட்கள் வேண்டும் என்று அவ்வூர்க் குயவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அரைகுறை ஈரத்தில் இருக்கும் மண் தண்ணீரில் எளிதில் கரையாதாம். முற்றக் காய்ந்த மண்தான் நீரைக் கண்டவுடன் உறிஞ்சி, உள்ளிருக்கும் காற்றைக் குமிழ்களாக வெளியேற்றிப் பொலபொலவென்று உதிருமாம். கரைவதற்கும் காத்திருக்க வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி.

ஓவியர்களும் சிற்பிகளும் இன்ஸ்டலேஷன் என்று சொல்வதைத் தமிழில் நிறுவுகலை என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஓர் இடம் முழுவதையுமே படைப்பாக்கி, பார்க்க வந்தவரை அதற்குள் நடக்கவும் தொடவும் சில வேளைகளில் அதை மாற்றவும் விடுகிற கலை அது. எனக்கு அதில் ஈடுபாடு பிறந்தது கொச்சியில். 2016 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக்கண்காட்சியில், சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரித்தா ஒரு பழைய கிடங்கினுள் கடல்நீரைத் தேக்கி வைத்திருந்தார். மத்தியதரைக் கடலில் மூழ்கி இறந்த சிரியச் சிறுவன் காலிப் குர்திக்காக அவர் எழுதிய வரிகளை, அந்த நீருக்குள் இறங்கி நடந்து போய்த்தான் மறுகோடியில் படிக்க முடியும். வெளியே வந்து ஆடை காயும்வரை அந்தக் கவிதை என் கால்களில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பிற்பகலில் தருமபுரி அரசு அருங்காட்சியகத்திற்குப் போனோம். நடுகற்களுக்குப் பெயர்பெற்ற மண் இது. ஆநிரை மீட்கும் பூசலில் இறந்தவன், புலியோடு போரிட்டு மடிந்தவன் என்று ஒவ்வொரு கல்லிலும் ஒருவன் நிற்கிறான். சில கற்களில் வட்டெழுத்து ஓடுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்த பின் அவனுடைய நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைத்ததைப் பற்றி அவ்வையார் மனம் நொந்து பாடியதும் இந்தத் தகடூர் மண்ணோடு சேர்ந்த நினைவுதான். இன்றும் வயலோரங்களிலும் புளிய மரத்தடிகளிலும் நிற்கும் நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். அவற்றின் மேல் மஞ்சளும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். அருங்காட்சியகத்தில் நிற்கும் கற்கள் தூய்மையாக இருக்கின்றன. அவற்றை அழிவிலிருந்து காத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால், தொடக்கூடாது என்ற நிலையில் நிற்கும் ஒரு வீரனைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

தோழிக்கு அந்தக் கற்களைப் பார்த்ததும் ஜெர்மானியக் கலைஞர் யோசப் பாய்ஸ் நினைவுக்கு வந்துவிட்டார். 1982இல் காசல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சிக்காக, அருங்காட்சியகத்தின் முன்னிருந்த புல்வெளியில் 7000 பசால்ட் கற்களைக் குவித்து வைத்தார் பாய்ஸ். நகரில் எங்கேனும் ஒரு மரம் நடப்பட்டால், குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் போய் அந்தக் கன்றின் அருகில் நட வேண்டும். கற்குவியல் குறையக் குறைய நகரில் நிழல் கூடும். 1986 சனவரியில் பாய்ஸ் இறந்துபோனார். கடைசி மரத்தை 1987இல் அவருடைய மகன் நட்டார். கல் அப்படியே இருக்க, பக்கத்து மரம் ஆண்டுதோறும் அதைச் சிறியதாக்கிக்கொண்டே வளர்வதுதான் அந்தப் படைப்பின் உயிர் என்றார் தோழி. புளிய மரத்தடி வேடியப்பனை யாரேனும் பாய்ஸுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: ஒகேனக்கல்

பென்னாகரம் கடந்து மலைப்பாதையில் இறங்கும்போதே காவிரியின் ஓசையைத் தேடினேன், கேட்கவில்லை. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து குறைந்திருந்ததால், படங்களில் பார்க்கிற பெருவெள்ளம் இல்லை. அதனால் பரிசலுக்குத் தடையும் இல்லை.

ஒகேனக்கல் என்பது கன்னடச் சொல். ஹொகே என்றால் புகை. நீர் பாறையில் மோதிச் சிதறி எழும் திவலைகள் புகைபோலத் தெரிவதால் வந்த பெயர். ஓர் ஊருக்குக் கல்லின் பெயரையும் அதன்மேல் ஒருகணம் நின்று கலையும் புகையின் பெயரையும் சேர்த்து வைத்தவர்கள் எவ்வளவு நுட்பமானவர்கள் என்று வியந்தேன்.

பரிசல்காரர் எங்களைப் பாறைச் சுவர்களுக்கு இடையே கொண்டுபோனார். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் தார் பூசிய அந்த வட்டக் கலம், துடுப்பு ஓயும் இடங்களில் தானாகவே சுழன்றது. முன்பு தோல் போர்த்திய பரிசல்கள் இருந்தனவாம். “எவ்வளவு நாள் உழைக்கும்ணா?” என்று கேட்டேன். “அதை நாம பார்த்துக்கிற மாதிரிங்க. தார் போட்டுக்கிட்டே இருக்கணும், பிளாச்சு மாத்திக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் பார்த்தா பழைய பரிசல்ல பழசுன்னு ஒண்ணுமே இருக்காதுங்க” என்றார். அவர் சொன்னதைத் தோழி உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அருவியின் அருகே நீர்த்திவலை மெல்லிய திரையாகத்தான் எழுந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது முகத்தில் பட்டது. மறுபக்கம் திரும்பியதும் பாறை பளிச்சென்று வெளிவந்தது. மூடுபனியையே படைப்பாக்கிய ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயாவைப் பற்றி அங்கேதான் பேசத் தொடங்கினோம். 1970ஆம் ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சியில், பெப்சி அரங்கின் வெண்ணிறக் கூரையை முழுவதும் மூடுபனியால் போர்த்தியவர் அவர். வேதிப்புகை எதுவும் வேண்டாம், மக்கள் மூச்சிழுக்கக்கூடிய வெறும் நீராகவே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். தாமஸ் மீ என்ற அமெரிக்க அறிவியலாளர், மிகுந்த அழுத்தத்தில் நீரை நுண்துளைகளின் வழியே பீய்ச்சி மூடுபனியாக்கும் முறையை அவருக்காக உருவாக்கித் தந்தார். நகாயாவின் தந்தை உகிச்சிரோ, 1936இல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை உண்டாக்கிய இயற்பியலாளர். தந்தை ஒரு படிகத்தைப் பிடித்து நிறுத்தி ஆராய்ந்தார். மகளோ நிற்காததையே தம் பொருளாக எடுத்துக்கொண்டார்.

நகாயா தம் படைப்புகளுக்குப் பெயரிடும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. படைப்பு அமையும் இடத்திற்கு அருகிலுள்ள வானிலை நிலையத்தின் எண்ணையே பெயராக வைக்கிறார். பில்பாவோவின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 1998இல் அமைத்ததன் எண் 08025. ஏனெனில் அந்த இடத்தின் காற்றும் ஈரமும் வெயிலும்தான் அந்த மூடுபனியை நொடிதோறும் வனைகின்றன. உள்ளே நுழைந்து மறைந்து மீண்டும் தோன்றும் மனிதர்களும் தம் உடல்களால் அதை அசைக்கிறார்கள். ஊர்ப்பெயரிலேயே புகையைச் சேர்த்து வைத்த இந்த இடத்தில் அமர்ந்து அதைப் பேசியபோது, சொல்லுக்குச் சொல் அருவி சான்று தந்துகொண்டிருந்தது.

கரையில் வறுத்த மீனும் சோறும் உண்டோம். பார்வையாளரின் அசைவை உணரும் சென்சார் கருவிகளைத் தம் படைப்புகளில் ஏன் பயன்படுத்துவதில்லை என்று தோழியிடம் கேட்டேன். அவர் அவற்றை வெறுப்பவர் அல்லர். கிறிஸ்டா சோமரர், லோரான் மிக்னனோ என்ற கலைஞர்கள் இருவரும் 1992இல் செய்த படைப்பு ஒன்றை மிகுந்த மரியாதையோடு விவரித்தார்: இருட்டறையில் ஐந்து உயிருள்ள செடிகள், அவற்றை நாம் நெருங்கும்போதும் தொடும்போதும் ஏற்படும் மின்னழுத்த மாறுபாட்டைக் கணினி உணர்ந்து, எதிரேயுள்ள திரையில் செடிகளை வளர்க்கிறது, ஐந்தில் ஒன்று கள்ளி, அதைத் தொட்டால் திரையில் வளர்ந்ததெல்லாம் அழிந்துவிடும். “வளர்க்கிற கை, அழிக்கிற கை ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு அவங்க காட்டிட்டாங்க. எனக்கு அந்தக் கணினி வேலையை மண்ணே செஞ்சு தருதில்ல” என்றார்.

மூன்றாம் நாள்: காவேரிப்பட்டினம் அருகே, படுகளம்

விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிட்டோம். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலெல்லாம் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் தெருக்கூத்துமாகப் பல நாட்கள் நடந்து, நேற்றிரவு பதினெட்டாம் போர் ஆடியிருக்கிறார்கள். இன்று காலை படுகளம், துரியோதனன் வீழும் காட்சி.

கூத்துத் திடலுக்குப் பக்கத்து வெட்டவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். ஊர் மண்ணையே குவித்து, நீர் தெளித்துக் குழைத்து, மண்வெட்டியாலும் கையாலும் உருவாக்கிய உடல். அதன் தலைமாட்டில் நின்றால் கால்மாட்டில் நிற்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடியாது, அவ்வளவு நீளம். மீசை முறுக்கியிருந்தது. கண்கள் வெண்ணிறத்தில் விழித்திருந்தன. மார்பில் மாலை, கையருகே கதாயுதம். நாங்கள் போனபோது இரண்டு முதியவர்கள் நகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில மணி நேரத்தில் மண்ணாகப் போகிற ஓர் உருவத்தின் கால் கட்டைவிரல் நகத்தை, குந்தி அமர்ந்து, ஈரத்துணியால் மெதுவாக வழித்து வழித்துப் பளபளப்பாக்கினார் ஒருவர். நான் இதுவரை பார்த்த சிற்ப வேலைகளில் இவ்வளவு பொறுமையான கையைக் கண்டதில்லை.

வெயில் ஏறியதும் பீமனும் துரியோதனனும் வேடத்தோடு வந்தார்கள். மண்ணுடலைச் சுற்றிச் சுற்றித் துரத்தல், மேளம், துரியோதனன் வேடமிட்டவர் மண் மார்பின் மேலேயே ஏறி நின்று வசனம் பேசினார். ஒரே மனிதன் மண்ணாகக் கீழே கிடக்கவும் உயிரோடு அதன்மேல் நிற்கவும் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. கூட்டமும் இடத்தை விட்டு நகர்ந்து நகர்ந்து ஆட்டத்திற்கு வழிவிட்டது. யாரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பீமன் தொடையில் அடித்தான். அங்கே புதைத்திருந்த கலத்திலிருந்து செந்நீர் பீறிட்டது. அதைத் தொட்டுத் திரௌபதியின் விரித்த கூந்தல் முடிக்கப்பட்டது. அடுத்து காந்தாரி வந்தாள். முறமும் துடைப்பமும் ஏந்தி, மகனை அடித்து அடித்து ஒப்பாரி வைத்தாள். என் அருகில் நின்ற பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைத்தார்கள். கெட்டவன் செத்தான் என்று மகிழ வேண்டிய இடத்தில், பெற்றவளின் அழுகையைக் கேட்டுக் கண்கலங்குகிற இந்த மக்களின் மனத்தை வணங்கத் தோன்றியது.

அதன்பின் நடந்ததை எழுதத்தான் இவ்வளவு நேரம் விழித்திருக்கிறேன். கூட்டம் மண்ணுடலை நோக்கிப் பாய்ந்தது. தலை, தோள், தொடை என்று ஆளுக்கு ஒரு பிடி. துணியில் முடிந்தவர்கள், சொம்பில் போட்டுக்கொண்டவர்கள், குழந்தையின் கையில் திணித்தவர்கள். வயலில் தூவினால் விளைச்சல் பெருகும், குதிரில் வைத்தால் தானியம் குறையாது என்பது நம்பிக்கை. ஓர் ஆயா எங்களுக்கும் ஒரு பிடி தந்தார். “வெறுங்கையோட போகக்கூடாது சாமி” என்றார். கால்மணி நேரத்தில், நகம் திருத்தப்பட்ட அந்தக் கட்டைவிரலும் இல்லை. அதை வழித்த முதியவரைத் தேடினேன். அவரும் மடியில் ஒரு கட்டி மண்ணோடு நின்றிருந்தார். வருத்தமில்லையா என்று கேட்டேன். “வர்ற வருசம் இருக்குதுல்ல” என்றார்.

கியூபாவில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஆனா மெந்தியெத்தா என்ற கலைஞரைப் பற்றித் தோழி திரும்பும் வழியில் சொன்னார். 1973 முதல் 1980 வரை மெக்சிகோவிலும் அயோவாவிலும், தம் உடலின் வடிவத்தைச் சேற்றிலும் மணலிலும் புல்லிலும் பதித்து, சிலவற்றைப் பூக்களால் நிரப்பி, சிலவற்றைத் தீயிட்டு, கடற்கரையில் செய்தவற்றை அலைகள் வந்து அழிக்க விட்டார். ஒளிப்படங்களும் சிறு படச்சுருள்களுமே எஞ்சியிருக்கின்றன. பிறந்த மண்ணிலிருந்து பிரிக்கப்பட்ட ஒருவர், போகிற இடத்து மண்ணிலெல்லாம் தம் உடலை விட்டுச் சென்றிருக்கிறார். அந்தத் தனிமை என்னை வாட்டியது. படுகளத்து மண்ணுடலுக்கு அந்தத் தனிமை இல்லை. அது நூறு வீடுகளுக்குப் பிரிந்து போயிருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. நம் கிராமத்தார் இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டார்கள் என்று பெருமை பேசுவது எளிது. அப்படிப் பேசினால் மெந்தியெத்தாவின் துயரமும் நமக்குப் புரியாது, அந்த முதியவரின் ‘வர்ற வருச’மும் புரியாது.

நான்காம் நாள்: பாலக்கோட்டுக்கு அப்பால், ஏரி

தக்காளிப் பெட்டிகள் ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வைத்திருந்தார். சாப்பிட்ட கையோடு ஏரிக்கு இறங்கினோம்.

ஏரியின் பெரும்பகுதி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுப்பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவு நீர். குயவர் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி 60 பானைகளையும் தாமே கொண்டுவந்தார். சாம்பல் நிறத்தில், விரலால் சுண்டினால் ஓசையே எழாத பானைகள். சுட்ட பானை கணீரென்று ஒலிக்கும். பச்சை மண்ணுக்குக் குரல் இல்லை. “சுட்ட மண்ணும் பச்ச மண்ணும் ஒட்டாதுன்னு சொல்லுவாங்க. சூளைக்குள்ள போயிட்டு வந்தது திரும்ப மண்ணாகாதுங்க, ஓடாத்தான் கெடக்கும். இதுதான் இன்னும் ஏரியோட பேச்சுவார்த்தையில இருக்குது” என்றார் அவர். களிமண்ணின் துகள்களுக்குள் பிணைந்திருக்கும் நீர் கடும் வெப்பத்தில் நிரந்தரமாக வெளியேறிவிடுவதால் அதன் பிறகு அது குழையாது என்பது அறிவியல். குயவர் சொன்னது அதைவிடச் சரியாக இருந்தது.

வட்டம் அமைக்கும்போது தோழி அமெரிக்காவின் உட்டா மாநிலத்துப் பேருப்பு ஏரியில் ராபர்ட் ஸ்மித்சன் என்ற கலைஞர் 1970இல் கருங்கற்களாலும் மண்ணாலும் அமைத்த சுருள் கரையைப் பற்றிச் சொன்னார். சுமார் 460 மீட்டர் நீளமுள்ள அது, சில ஆண்டுகளிலேயே நீர்மட்டம் உயர்ந்து மூழ்கி, 2002இல் வறட்சியால் மீண்டும் வெளிவந்தபோது உப்பு படர்ந்து வெளுத்திருந்ததாம். ஏரியின் ஏற்ற இறக்கத்தோடு உடன்பட்டுச் செய்வதுதான் முறை என்று தோழி கருதுகிறார். ஆடி, ஆவணியில் மழை பெய்தால் இந்த வட்டத்தின் மேல் நீர் நிற்கும்.

மாலையில் ஊரே வந்தது. முதலில் தயக்கம், செய்த பானையை யார் கரைப்பார்கள்? பெரியம்மா முதல் கை நீரை ஊற்றினார். பானையின் தோளில் நீர் இறங்கிய இடம் கருத்தது, குமிழ்கள் சிணுங்கின, பின்பு ஒரு செதில் உதிர்ந்தது. அவ்வளவுதான், பிள்ளைகள் பள்ளத்துக்கும் வட்டத்துக்கும் ஓடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு முதியவர் ஊற்றுவதற்கு முன் பானையை இரு கைகளாலும் தழுவிப் பார்த்தார். புதிதாகத் திருமணமான இருவர் ஒரே பானையின் மேல் இரு பக்கமும் ஊற்றினார்கள். சில பானைகள் வாய் சரிந்து மலர்போல விரிந்தன. சில அப்படியே உள்நோக்கி அமிழ்ந்தன.

எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி மட்டும் கையில் அள்ளிய நீரோடு ஒரு பானையின் முன் நின்றாள். நீர் விரலிடுக்கில் வழிந்து முடிந்தது. மீண்டும் அள்ளி வந்தாள், மீண்டும் நின்றாள். “ஊத்தலையா கண்ணு?” என்றார் தோழி. “மாட்டேன்க்கா. இப்பத்தானே செஞ்சிருக்காங்க, பாவம்.” தோழி வற்புறுத்தவில்லை. நீர் ஊற்ற மறுப்பவரும் இந்தப் படைப்பில் பங்கேற்கிறார் என்று பிறகு என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டாலும், அந்தச் சிறுமியின் முகம் என்னை விட்டு அகலவில்லை. நேற்றைய முதியவருக்கு ‘வர்ற வருசம்’ இருந்தது. இவளுக்கு நாம் அப்படி எதையும் சொல்லிவைக்கவில்லையே.

இருட்டும்போது எண்ணிப் பார்த்தேன். கரைந்தவை, பாதி கரைந்தவை, கரையாதவை எல்லாம் சேர்த்து 59 தான் வந்தது. இரண்டு முறை எண்ணியும் அதேதான்.

ஐந்தாம் நாள்: ஏரி

நள்ளிரவுக்கு மேல் கோடை மழை இடியோடு கொட்டித் தீர்த்தது. ஓட்டுக்கூரையின் கீழ் படுத்தபடி இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். வெடிப்புகள் மூடி, ஏரித்தரை மழித்தது போலிருந்தது. வட்டம் இருந்த இடத்தில் மற்ற மண்ணைவிடச் சற்றே வெளிறிய திட்டுகள், அவற்றின் நடுவே ஆட்டுக் குளம்புகளின் தடங்கள், இரண்டு கொக்குகள். தோழி படம் எடுக்கவில்லை. முந்தாநாள் படுகளத்திலிருந்து கொண்டுவந்த பிடி மண்ணை மட்டும் துணியிலிருந்து அவிழ்த்து அங்கே உதிர்த்தார்.

கரையிலிருந்து அந்தச் சிறுமி இறங்கி வந்தாள். பின்னாலேயே குயவரும் வந்தார். அவள் கையில் அறுபதாவது பானை. ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் செம்மையேறி, வாயிலிருந்து பாதிவரை விரிசலோடு இருந்தது. நேற்று யாரும் பார்க்காதபோது எடுத்துப்போய், அம்மா களி கிண்டி முடித்த விறகடுப்பின் தணலுக்குள் வைத்து மூடியிருக்கிறாள். இரவெல்லாம் அடுப்படியிலேயே படுத்திருந்தாளாம். குயவர் பானையை வாங்கிச் சுண்டினார். ஒரு பக்கம் ஒலித்தது. மறுபக்கம் ஒலிக்கவில்லை. “திடீர்னு தீயைக் காட்டினா வெடிக்கும் சாமி. மொதல்ல இளஞ்சூட்டுல வச்சு, மெதுவாத்தான் ஏத்தணும். வீட்டுக்கு வா, சூளையில காட்டுறேன்” என்றார். ஏசுவார் என்று நினைத்திருப்பாள் போலும்; முகம் மலர்ந்துவிட்டது.

அதன்பின் தோழியிடம் திரும்பி, “இப்ப தண்ணி ஊத்தினா என்னாகும்க்கா?” என்று கேட்டாள்.

“தெரியலையே. ஊத்திப் பாரேன்.”

மழையில் நிரம்பியிருந்த பள்ளத்திலிருந்து ஒரு கை அள்ளிவந்து உள்ளே ஊற்றினாள். வேகாத பக்கத்தில் குமிழ்கள் எழுந்தன. விரிசல் வழியே நீர் செம்பழுப்பாகக் கசிந்து ஏரித்தரையில் ஓடியது. வெந்த பக்கம் அப்படியே நின்றது. நான்கு பேரும் அதைச் சுற்றிக் குந்தியிருந்தோம். கசிவு சற்றே தெளியத் தொடங்கியபோது, அவள் இன்னொரு கை அள்ளுவதற்கு எழுந்து ஓடினாள்.